மஞ்சள் நாற்காலி போட்ட இடம்

மார்னிங்சைட்
பிப்ரவரி 9, செவ்வாய்

………… சிரில்,

பெயருக்கு முன்னால் 'அன்புள்ள' போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இப்போதைக்கு இடம் மட்டும் விட்டு வைக்கிறேன்.

உறையில் பிட்ஸ்பர்க் முத்திரையைப் பார்த்ததும் நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பாய். கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. நான் டூசான் வெயிலில் இல்லை, இங்கேதான் இருக்கிறேன். கிரீன்ஃபீல்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் தூரத்தில், மார்னிங்சைடில், ஒரு மாடி வீட்டை மாதக் கடைசி வரை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கட்டில், அடுப்பு, பாத்திரம், போர்வை எல்லாம் வைத்தே கொடுத்திருக்கிறார்கள். சமைப்பதும் சாப்பிடுவதும் நம் பாடு.

முதலில் உன்னிடம்தான் வந்தேன். அதைச் சொல்லிவிட வேண்டும். நேற்று விமான நிலையத்தில் ஒரு வெள்ளி நிற வாடகை வண்டியை எடுத்துக்கொண்டு, இடுப்பு வரை குவிந்த பனிக்கு நடுவில் ஊர்ந்து, நம் தெருவில் ஏறினேன். நான் வருவது டூசானில் நம் பெண் டெரெஸுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவிடம் மூச்சு விடாதே என்று சொல்லியிருந்தேன். திடீரென்று வந்து நின்றால் உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஒன்றை முடிவு செய்ய நினைத்தேன். டூசானில் நான் இருக்கும் சின்ன வீட்டுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். மார்ச் பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டால், சிரில், நான் திரும்பி வருவதாக இல்லை.

தெரு முழுக்க வண்டிகள் பனிக்குள் புதைந்து கிடந்தன. நம் வாசலில் மட்டும் ஒரு வண்டி நிற்கும் அளவுக்குத் தார் தெரியப் பனியை வழித்து எடுத்திருந்தது. அதன் நடுவில் ஒரு நாற்காலி. மற்றவர்கள் வைப்பது போல உடைந்த தோட்டத்து நாற்காலி இல்லை. நம் சமையலறை நாற்காலி. மஞ்சள் மெத்தை, ஓரத்தில் கிழிசலுக்கு நான் ஒட்டிய பட்டை. நான் உட்காரும் நாற்காலி.

நாற்காலி போட்ட இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் இந்த ஊரில் பிறந்தவள். அப்படி நிறுத்திய ஒருவன் வண்டி மேல் என் அப்பா குழாயைத் திறந்துவிட்டு, விடியும்போது அதைக் கண்ணாடிக் கட்டியாக்கி வைத்தார். பனியை அள்ளியவனுக்குத்தான் இடம். அவன் யாருக்கு வைத்திருக்கிறானோ அவர்களுக்கு.

உன்னிடம் வண்டி இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே விற்றுவிட்டு, இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்றாய். அப்படியென்றால் அந்த இடம் யாருக்கு? நான் கேட்கப் போவதில்லை. கொஞ்சம் நின்று பார்த்தேன். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே சத்தமே இல்லை. பனி இந்தத் தெருவுக்குப் போர்வை போர்த்திவிட்டது. மதியம் தேநீர் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றபோது எங்கோ ஒரு சிங்கம் கர்ஜித்தது. கனவு என்று நினைத்தேன். கீழே சிகையலங்காரக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரி கார்மெலா சொன்னாள், "மிருகக்காட்சிசாலை பக்கத்துலதான் இருக்கு. பனி பெய்ஞ்சா அதுக்கும் ஊரு ஞாபகம் வந்துடும் போல. பயப்படாதே."

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுது. எழுத மனம் இருந்தால்.

நடீன்


கிரீன்ஃபீல்ட்
பிப்ரவரி 12, வெள்ளி

நடீன்,

எனக்குக் கடிதம் எழுத வராது. உனக்குத் தெரியும். நான் பஸ் ஓட்டிய காலத்தில் புகார் வந்தால் பதில் எழுதுவதைக்கூட நீதான் செய்வாய்.

நாற்காலியைப் பார்த்தாய். எந்த நாற்காலி என்றும் பார்த்திருக்கிறாய். பட்டை ஒட்டிய இடம் வரைக்கும் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். அப்படியென்றால் நான் சொல்ல ஒன்றும் இல்லை. யாருக்கு என்று கேட்கப் போவதில்லை என்கிறாய். கேட்காதே. கண்ணால் பார்த்தும் புரியாதவளுக்கு வாயால் சொல்லி என்ன ஆகப்போகிறது.

சொந்த ஊருக்கு வந்து வாடகை வீட்டில் தங்குகிறவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் கொட்டித் தீர்த்ததே, அங்கே எப்படி? மாடி வீடு என்றால் குழாய் உறைந்துவிடும். சமையலறைக் குழாயைச் சொட்டு சொட்டாக விட்டு வை. படியில் கைப்பிடி இருக்கிறதா? உன் முழங்காலுக்குக் கைப்பிடி இல்லாமல் ஆகாது. வாடகை வண்டியின் டயர் கோடைக்கால டயராகத்தான் இருக்கும். அவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தாதே, விட்டு விட்டுத் தொடு.

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. நேற்று பக்கத்து வீட்டு ஸ்டஷ் சீட்டாட வந்தான். நாற்காலி வெளியே இருப்பதால் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்தேன். "வீட்டுக்கு வந்தவனை வாளியில உக்கார வைக்கிற ஒரே மனுஷன் நீதாய்யா," என்றான். செவ்வாய்க்கிழமை மார்லீன் எதிர்வீட்டிலிருந்து ஹலுஷ்கி கொண்டுவந்து கொடுத்தாள். முட்டைக்கோஸ் நன்றாகச் சிவக்க வதக்கியிருந்தாள். வெண்ணெயில் கஞ்சத்தனம் இல்லை. மூன்று நாள் வந்தது.

நீ எடுத்துப் போன சின்னக் கத்தியைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

சிரில்


மார்னிங்சைட்
பிப்ரவரி 14, ஞாயிறு

………… சிரில்,

இன்று என்ன நாள் என்று நாள்காட்டியைப் பார். பார்த்துவிட்டு மறந்துவிடு.

மார்லீன் முட்டைக்கோஸை எப்படி வதக்குகிறாள் என்று எனக்கு எழுதியதற்கு நன்றி. என் ஹலுஷ்கியில் வெண்ணெய் போதாது என்று நீ சொல்லித்தான் நாம் கல்யாணமான முதல் வருஷமே சண்டை போட்டோம். இப்போது சண்டை போட ஆள் இல்லாமல் வயிறாரச் சாப்பிடுகிறாய். நல்லது. சின்னக் கத்தி என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன்.

கண்ணால் பார்த்தும் புரியாதவள் என்கிறாய். புரிந்ததால்தான் போனேன். உனக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்றுதான் புரியவில்லை.

அதை விடு. இந்த வீட்டைப் பற்றி எழுதுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் கண்டதையும் எழுதிவிடுவேன்.

இங்கே எல்லாமே நான்கு. நான்கு தட்டு, நான்கு கோப்பை, நான்கு கரண்டி. எதிலும் யாருடைய பெயரும் இல்லை. எந்தக் கோப்பையை எடுத்தாலும் "அது என்னுது" என்று யாரும் சொல்லமாட்டார்கள். காலையில் எழுந்தால் எங்கே இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரிவதில்லை. கட்டிலில் என் பக்கம் என்று ஒன்று இல்லை. நடுவில் படுத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. இப்போது ஓரமாகத்தான் படுக்கிறேன். எந்த ஓரம் என்று சொல்லமாட்டேன்.

அடுப்புக்கு மேலே அலமாரியில் இதற்கு முன் தங்கியவர்கள் விட்டுப்போன சாமான்கள். பாதி உப்பு, பாதி தேன், இலவங்கப்பட்டை, எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ ஒரு மசாலா. யாரோ முகம் தெரியாத ஒருத்தி வாங்கிய உப்பைப் போட்டு நான் சூப் வைக்கிறேன். அவளும் இதே ஜன்னலோரம் நின்றுதான் குடித்திருப்பாள். அவள் யாரை விட்டு வந்தாளோ. சமையலறைக் கதவு நிலையில் ஒரு குழந்தையின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கோடு. ஒரு வாரம் தங்கியிருப்பார்கள், குழந்தை சுவரில் சாய்ந்து நின்றிருக்கும், அளந்திருப்பார்கள், போய்விட்டார்கள். அந்தக் குழந்தை இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அந்தக் கதவுக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்காதே.

மதியத்தில் ஏரிக்கரையைச் சுற்றி நடக்கிறேன். தண்ணீர் வெள்ளையாக உறைந்து, எது கரை எது ஏரி என்று தெரியாமல் கிடக்கிறது. நடந்துகொண்டே இருந்தால் டூசானும் இல்லை, கிரீன்ஃபீல்டும் இல்லை, நானும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அது பிடித்திருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

கார்மெலா நேற்று மேலே வந்து என் பெட்டியைப் பார்த்தாள். "இங்க வர்றவங்க ரெண்டு ரகம். வந்ததுமே பெட்டியைப் பிரிச்சு அலமாரில அடுக்கிடுவாங்க, அது ஒண்ணு. கடைசி நாள் வரைக்கும் பெட்டியிலேருந்தே எடுத்து எடுத்து உடுத்துவாங்க, அது ஒண்ணு. நீ ரெண்டாவது ரகம். உனக்கு எங்கேயும் மனசு நிக்கல," என்றாள்.

நான் சொன்னேன், "என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினவரு. அவர்கூட இருந்து இருந்து எனக்கும் எந்த நிறுத்தத்திலயும் ரொம்ப நேரம் நிக்க வராது."

நாம் இரண்டு பேரும் டூசானுக்குக் கிளம்பவேண்டிய நாளில் நீ எங்கே இருந்தாய் என்பது ஞாபகம் இருக்கிறதா? விமானத்துக்கு நேரமாகிறது, நீ கூரையில் ஏறி ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தாய். அந்தக் கூரையில் ஓட்டை இல்லை, சிரில். வரமாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் ஒருவேளை இருந்திருப்பேன். நீ சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தாய். நான் தனியாகப் போனேன்.

குழாயைச் சொட்ட விட்டிருக்கிறேன். படியில் கைப்பிடி இருக்கிறது.

நடீன்


கிரீன்ஃபீல்ட்
பிப்ரவரி 17, சாம்பல் புதன்

நடீன்,

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்து, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று உன் தெருவுக்கு வந்தேன்.

உன் கடிதத்தில் முழங்காலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஏரியைச் சுற்றி நடக்கிறேன் என்று இருந்தது. எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள் என்று யோசித்தேன். உன் பனி பூட்ஸ் இங்கே மாடிப்படிக்கு அடியில்தான் இருந்தது. டூசானுக்கு எதற்கு அது. துடைத்து, உள்ளே கம்பளிக் காலுறையைத் திணித்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஓட்டியவன் லெராய். நான் பழக்கிவிட்ட பையன்தான், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. "என்ன சார், பயணியா வந்திருக்கீங்க? வழி தவறிட்டீங்களா?" என்றான். முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவன் ஒவ்வொரு திருப்பத்திலும் என் காலைப் பார்த்துச் சிரித்தான். "சார், அங்க பிரேக் இல்ல. இங்க இருக்கு. நான் பாத்துக்கறேன்." பழக்கம், என்ன செய்ய. நான் அழுத்தும்போதெல்லாம் அவனும் அழுத்தினான், அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது பஸ்ஸில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஜன்னல் முழுக்க மூடுபனி. எந்தத் தெரு என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் வண்டிக்கு முன்னால் பார்த்தே உட்கார்ந்தவன் நான். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு போனால் ஊர் தூக்கத்தில் போவதுபோல் போகிறது. நீ எப்போதும் ஜன்னலோரம்தான் உட்கார்வாய், ஏன் என்று நேற்றுத்தான் புரிந்தது.

உன் தெரு நல்ல தெரு. சத்தமே இல்லை. கீழே கடை ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. ஒரு மூலையில் யாரோ கையால் துடைத்த இடம் தெளிவாக இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். நீ தலையில் அந்தப் பெரிய உலர்த்தியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். நீ கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாய்.

மணியை அடிக்கக் கை போனது. அடித்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். என்னைப் பார்த்தால் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் பையை மாடிப்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கூரையைப் பற்றி எழுதியிருந்தாய். ஓட்டை இல்லைதான்.

சிரில்


மார்னிங்சைட்
பிப்ரவரி 19, வெள்ளி

………… சிரில்,

பூட்ஸ் கிடைத்தது. உன் கடிதம் வருவதற்கு முன்பே, படியில் பையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. காலுறையை அப்படி உருண்டையாகத் திணிக்கிறவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. கதவைத் திறந்துகொண்டு தெருவில் ஓடிப் பார்த்தேன், பாதித் தலை ஈரத்தோடு. உன் காலடி மட்டும் பனியில் பஸ் நிறுத்தம் வரைக்கும் இருந்தது. இடது கால் கொஞ்சம் இழுத்துப் போயிருந்தது. இடுப்பு வலிக்கிறதா? எழுதவே இல்லையே.

கார்மெலா என்ன சொன்னாள் தெரியுமா, நான் ஏன் சிரித்தேன் தெரியுமா? "உங்க வீட்டுக்காரர் எப்படி?" என்று கேட்டாள். நீ தூக்கத்தில் "அடுத்த நிறுத்தம் முர்ரே அவென்யூ" என்று கத்துவாயே, அதைச் சொன்னேன். அதற்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம். நீ வெளியில் நின்றுகொண்டு உன்னைப் பற்றிய சிரிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய்.

இரண்டு நாளாக எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஏரிக்கரைக்கும் போகவில்லை. சிங்கமும் கத்தவில்லை. டூசான் ஒப்பந்தத் தாள் மேஜை மேல் கிடக்கிறது, பேனாவும் பக்கத்திலேயே. ஞாயிறு 28 விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

கேட்கமாட்டேன் என்று எழுதியதை இப்போது கேட்டுவிடுகிறேன். கேட்காமல் போனால் டூசானிலும் என்னால் தூங்க முடியாது.

என் காலுக்குப் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருகிற மனுஷன், என் நாற்காலியைத் தெருவில் தூக்கிப் போடுவானேன்? மார்லீனின் வண்டிக்குத்தான் என்றால் அவளுடைய நாற்காலியைப் போட்டிருக்கலாமே. அவள் வீட்டில் ஆறு நாற்காலி இருக்கிறது. யாருக்கு அந்த இடம்? ஒரு வரியில் எழுது. என்னவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். கூரையில் மட்டும் ஏறாதே.

நடீன்


கிரீன்ஃபீல்ட்
பிப்ரவரி 22, திங்கள்

நடீன்,

உனக்கு.

ஒரு வரி கேட்டாய். அவ்வளவுதான். ஆனால் இன்னும் எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

டெரெஸால் ரகசியம் காக்க முடியுமா? நீ வளர்த்த பெண். சனிக்கிழமை காலையிலேயே போன் பண்ணிவிட்டாள். "அப்பா, அம்மா திங்கட்கிழமை வர்றாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஆச்சரியமா இருக்கிற மாதிரி முகத்தை வச்சுக்கோங்க." நான் கண்ணாடி முன் நின்று முகத்தை வைத்துக்கூடப் பார்த்தேன். பிறகு வெளியே பார்த்தேன். வாசல் தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. நீ மலைமேல் தெருவில் வண்டியை எங்கே நிறுத்துவாய்? முழங்காலோடு அவ்வளவு தூரம் எப்படி ஏறி வருவாய்? அன்று முழுக்க அள்ளினேன். ஸ்டஷ் வந்து நின்றுகொண்டு, "என்னய்யா, வண்டியே இல்லாதவனுக்கு எதுக்கு இடம்? உன் செருப்பையா நிறுத்தப் போறே?" என்றான். அள்ளிக்கொண்டே இருந்தேன். இடுப்பு அதில்தான் போனது.

இடம் ஆனது. நாற்காலி போட வேண்டும். நிலவறையில் கிழிந்த தோட்டத்து நாற்காலி இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது யோசித்தேன். இதைப் போட்டால், யாரோ ஒருத்தன் பிடித்த இடம் என்று நீ போய்விடுவாய். உன் மஞ்சள் நாற்காலியைப் போட்டால், பட்டையைப் பார்த்ததும் தெரிந்துகொள்வாய், இது என் நாற்காலி, அப்படியென்றால் இது என் இடம் என்று. இறங்கி வந்து அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிறுத்துவாய் என்று நினைத்தேன். எனக்கு அது ரொம்ப புத்திசாலித்தனமாகத் தோன்றியது. நாற்காலி என்றாலே இந்த ஊர்க்காரிக்குத் 'தொடாதே' என்றுதான் கண்ணில் படும் என்று தோன்றவில்லை. வெளியூர்க்காரியைக் கட்டியிருந்தால் அவள் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு நிறுத்தியிருப்பாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். திங்கட்கிழமை திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உன் பழைய நீல வண்டியில் வருவாய் என்று எதிர்பார்த்தேன், அது அப்போதே லாரியில் டூசானுக்குப் போய்விட்டது என்று மூளைக்கு எட்டவில்லை. ஒரு வெள்ளி நிற வண்டி வந்தது. நாற்காலி முன்னால் நின்றது. கண்ணாடியெல்லாம் பனி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இவன் நிறுத்திவிட்டால் வெளியே ஓடவேண்டும் என்று நின்றேன். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பரவாயில்லை, மரியாதை தெரிந்த ஆள், என் நடீனுக்கு இடத்தை விட்டுவிட்டுப் போகிறான் என்று கையைக்கூட ஆட்டினேன்.

உன்னைப் போகவிட்டுக் கையை ஆட்டியிருக்கிறேன், நடீன்.

உன் முதல் கடிதம் வந்ததும் தெரிந்தது, அது நீ என்று. நாற்காலியைப் பார்த்தும் போனாள், அவளுக்கு வர விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கெஞ்சி எழுத வரவில்லை.

டூசானுக்கு ஏன் வரவில்லை என்றால், பயம். இங்கே நான் தெருவில் இறங்கினால் பத்துப் பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அங்கே நான் யார்? டெரெஸின் அப்பா, வெயிலில் உட்கார்ந்திருக்கும் கிழவன். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஓட்டை இல்லாத கூரையில் ஏறினேன்.

பனி உருகத் தொடங்கிவிட்டது. தெருவில் எல்லோரும் அவரவர் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் இப்போது. "இன்னும் எதுக்குய்யா அது? எல்லாரும் சிரிக்கிறாங்க," என்கிறான் ஸ்டஷ். சிரிக்கட்டும். மாதக் கடைசி வரை இருக்கும். நீ போன பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

சிரில்


கிரீன்ஃபீல்ட், நம் சமையலறை
பிப்ரவரி 26, வெள்ளி

அன்புள்ள சிரில்,

இதற்குத் தபால்தலை இல்லை. மேஜை மேல் உப்புக்குப்பியில் சாய்த்து வைக்கிறேன். தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் நீ தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் ஊருக்கெல்லாம் மீன் பொரித்துக்கொண்டிருப்பாய் என்று தெரிந்தேதான் வந்தேன். முதலில் வீட்டைத் தனியாகப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. சாவி பழைய இடத்தில்தான் இருந்தது.

உன் கடிதத்தை ஜன்னலோரம் நின்று படித்தேன், சூப் அடுப்பில் தீய்ந்துபோனது. திரும்பப் படித்தேன். கையை ஆட்டினேன் என்று எழுதியிருக்கிறாயே, அங்கே வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். இப்போதுகூட எழுத முடியவில்லை. அந்தக் கையை நான் பார்த்திருந்தால், சிரில்.

கார்மெலாவிடம் சாவியைக் கொடுத்தேன். "ஒரு நாள் கூட அலமாரியைத் திறக்காம போறே," என்றாள். மிச்சமிருந்த மிளகுத்தூளையும் சின்னக் கத்தியையும் அங்கேயே விட்டுவிட்டேன். அடுத்து யாராவது தனியாக வந்து சூப் வைப்பாள். நீ வேறு கத்தி வாங்கிக்கொள்.

அந்த வீட்டில் ஒன்று கற்றுக்கொண்டேன். நான்கு தட்டு போதும். ஒரு வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளாமலே அதில் இருக்கலாம். டூசான் தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அடுத்த குளிருக்கு அங்கே இப்படி ஒரு வீட்டை, உன்னுடையதும் இல்லை என்னுடையதும் இல்லை என்கிற மாதிரி ஒன்றை, கொஞ்ச நாளுக்கு எடுப்போம். உன்னை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்றால் நான் கூப்பிடுகிறேன், தெருவில் நின்று, சத்தமாக. அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் திரும்பிவிடலாம். இதில் பேரம் கிடையாது.

வண்டியை நம் வாசலில்தான் நிறுத்தியிருக்கிறேன். தெருவே காலியாகக் கிடந்தது, ஆனாலும் அங்கேதான் நிறுத்தினேன். ஸ்டஷ் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குன்னு இப்பத்தான் தெரியுது," என்றான். திங்கட்கிழமை அதை விமான நிலையத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டும். நீயும் வா. திரும்பும்போது பஸ்ஸில் வருவோம், ஜன்னலோரம் உனக்கு. அப்புறம் அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளட்டும், மார்லீன் உட்பட.

பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். ஹலுஷ்கி அடுப்பில் இருக்கிறது. வெண்ணெய் போதும், வாயைத் திறக்காதே. வந்ததும் மீன் நாற்றம் போகக் குளி.

நாற்காலியை உள்ளே எடுத்து வந்தேன். கால்கள் நான்கும் துருவேறிவிட்டன, மெத்தை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. ஸ்டஷுக்கு வாளியையே போடு. இதில் ஆள் இருக்கிறது.

நடீன்